சந்தானம் வீட்டைச் சூழ்ந்த கடல்

ஹைதராபாத் ஏ.எஸ்.ராவ் நகரில் சந்தானத்தின் வீடு தீவு என்று அறிவிக்கப்பட்ட காலையில் அங்கே இருந்தவர்கள் இவர்கள்: வாசற்படியில் சந்தானம், அவருக்குப் பின்னால், காபி டம்ளரோடு அவர் மனைவி கல்பகம், மாடி ஜன்னலில், காதில் ஹெட்போனோடு ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தபடியே எட்டிப் பார்த்த மகள் சௌம்யா. தண்ணீருக்கு அந்தப் பக்கம், ஜீப்பின் படியை விட்டு இறங்காமல் நின்றவர் தேசியத் தீவு மாதிரி ஆய்வகத்தின் இயக்குநர் முனைவர் ராகவேந்திரா. அவருக்குக் குடை பிடித்தவள் ஆய்வு உதவியாளர் ஸ்டெல்லா. எதிர்வீட்டு பாலசுப்ரமணியனும் இருந்தார், யாரும் அழைக்காமலே. வேறு ஒருவரும் இல்லை. தாங்களும் இருந்ததாக இப்போது சொல்லிக்கொள்கிறவர்கள் எல்லாரும் பிறகு கேள்விப்பட்டவர்கள்தான்.

தண்ணீர் வந்த விதம் எளிமையானது. சந்தானத்தின் வீடு மூலை வீடு. முன்னாலும் பக்கவாட்டிலும் இரண்டு தெருக்களையும் குழாய் பதிக்க என்று தோண்டிப் போட்டிருந்தார்கள். பின்னால் மழைநீர் வடிகால். மற்றொரு பக்கம் காலி மனை. அதில் அடுக்குமாடி கட்ட ஒருவர் பள்ளம் எடுத்துவிட்டு, பணம் தீர்ந்ததும் காணாமல் போயிருந்தார். ஆடி மாத மழை நாலு பள்ளங்களையும் சேர்த்துவிட்டது. முழங்கால் ஆழம்தான். சந்தானம் ஒரு பழைய கட்டில் பலகையை வாசலிலிருந்து எதிர்க்கரைக்குப் போட்டு, அதன் மேல் முதுகை வளைக்காமல் நடந்து பால் வாங்கப் போய்வந்தார். பொதுத்துறை மின்னணுத் தொழிற்சாலையில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். பலகையில் நடந்தாலும் அலுவலக வராந்தாவில் நடப்பது போலத்தான் நடப்பார்.

ஆய்வகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதை எங்கே வைப்பது என்று யோசித்தபோது, கடலோர மாநிலங்கள் எல்லாம் தங்களுக்கே வேண்டும் என்று சண்டையிட்டன. எந்தக் கடலுக்கும் மனவருத்தம் வராத ஊராகத் தேடி, எல்லாக் கடலுக்கும் தள்ளி இருக்கிற ஹைதராபாத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். தீவு என்பது இயற்கை வைத்த ஆய்வுக்கூடம். அளவான இடம், அளவான உயிர்கள், வெளித்தொடர்பு குறைவு. பல்லியாக இருந்தாலும் மனிதராக இருந்தாலும் அங்கே எடுக்கிற மாதிரிக்கு மதிப்பு அதிகம். இதெல்லாம் உண்மை. ஆனால் ஆய்வகத்தின் பயணப்படி விதிகளில் ரயில் உண்டு, பஸ் உண்டு, விமானம் உண்டு, படகு இல்லை. படகையும் சேர்க்க வேண்டும் என்று எழுதினார்கள். தீவுக்குச் சாலை வழியாகப் போக முடியாதா என்று மேலிடம் கேட்டது. அதற்குப் பதில் இன்னும் தயாராகிக்கொண்டிருந்தது. அந்த வருடத்துக்குள் ஒரு தீவையாவது ஆராயாவிட்டால் ஆய்வகத்தை மூடிவிடுவார்கள் என்ற நிலையில், ராகவேந்திராவின் ஜீப் ஒருநாள் குழாய்ப் பள்ளத்தைத் தாண்ட முடியாமல் சந்தானம் வீட்டெதிரில் நின்றது. நின்ற இடத்தில் அவருக்கு ஞானம் பிறந்தது.

ராகவேந்திரா சிகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்த தமிழர். அவருடைய தமிழில் நாலு ஊர் வாடை அடிக்கும்.

"நாலு பக்கமும் தண்ணி. நடுவுல நிலம். நிலத்து மேல ஜனங்க. தீவுக்கு இதுக்கு மேல என்ன சார் வேணும்?" என்றார் அவர்.

"இது சாக்கடைத் தண்ணி" என்றார் சந்தானம்.

"ஹவ், ஹவ், ஆமா சார். கடல்லயும் கடைசில அதுதான் சார் போய்ச் சேருது."

ஸ்டெல்லா உத்தரவைப் படித்தாள். தீவுக்கும் தாய்நிலத்துக்கும் பாலம் இருக்கக் கூடாது. ஆகையால் பலகை அகற்றப்படும். ஆய்வு முடியும்வரை சூழ்ந்திருக்கும் நீரை எவரும் இறைக்கக் கூடாது. ஆய்வுக் காலத்தில் அந்நிய உயிரினம் எதுவும் தீவுக்குள் நுழையக் கூடாது. படித்து முடித்ததும் பலகையை அந்தப் பக்கமாக இழுத்து ஜீப்பில் ஏற்றினார்கள். அது இப்போது ஆய்வகத்தின் கண்காட்சிக் கூடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள், பூர்வீகக் குடிகளின் பாலம் என்ற பெயரில் இருக்கிறது.

அதே வாரம் மோட்டாரோடு தண்ணீர் இறைக்க வந்த ஆட்களிடம் உத்தரவைக் காட்டினார்கள். இத்தனை காலத்தில் முதல்முறையாக ஒரு சரியான காரணம் கிடைத்த நிம்மதியோடு அவர்கள் டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

வேறு ஒருவராக இருந்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி நடந்திருப்பார். சந்தானம் வேலை பார்த்த காலம் முழுக்க முத்திரைக்கும் கையெழுத்துக்கும் கட்டுப்பட்டவர். முத்திரை வைத்த தாளை மீறுவது அந்தக் குடும்பத்தில் இல்லை. அதனால் அவர் தீவில் இருந்தார்.

ஆனால் ஒரு விஷயம் அவர் நெஞ்சை அறுத்தது. ஆவணி முதல் முகூர்த்தத்தில் சௌம்யாவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை கௌஷிக், சனத்நகர்க்காரன். நல்ல பையன், நல்ல இடம். சந்தானத்தின் குடும்பத்தில் பெண்ணின் நிச்சயம் சொந்த வீட்டில்தான் நடக்கும். அவருடைய அத்தைகளுக்கு அப்படி, தங்கைகளுக்கு அப்படி. சத்திரத்திலோ மண்டபத்திலோ ஹோட்டலிலோ நடந்ததே இல்லை. சொந்தக் கூரைக்குக் கீழே பெண்ணை நிறுத்திச் சம்மதம் சொல்ல முடியாதவன் என்ற பேச்சு அவருடைய தலைமுறையில் வரக் கூடாது. ஆய்வு முடியட்டும், தண்ணீரை இறைக்கட்டும், அதுவரை பொறுக்கலாம் என்று இருந்தார்.

ஆய்வு தொடங்கியது. ஆய்வாளர்கள் யாரும் தீவில் கால் வைக்கவில்லை. ரப்பர் பூட்ஸ் வாங்க ஒப்புதல் வரவில்லை. பூட்ஸ் இல்லாமல் இறங்க இயக்குநர் அனுமதிக்கவில்லை. அவருக்குத் தண்ணீரைக் கண்டால் தலைசுற்றும் என்று ஸ்டெல்லா பிற்பாடு சொன்னாள். ஆகவே எதிர்க்கரையில் பந்தல் போட்டு, பைனாகுலர் வைத்து, நீளக் கம்பில் வலை கட்டி, கயிற்றில் ஒரு கூடையும் விட்டார்கள். பாலும் காய்கறியும் கூடையில் வரும். பல்லியும் எறும்பும் துளசி இலையும் கூடையில் போகும். பல்லியைப் பிடித்துக் கூடையில் வைப்பது கல்பகத்தின் பொறுப்பு. போவன்பள்ளி மார்க்கெட்டிலிருந்து வந்த கத்திரிக்காயை மூன்று நாள் தனிமையில் வைத்துவிட்டு, அது யாரோடும் கலக்கவில்லை என்று உறுதி செய்த பிறகு அனுப்பினார்கள். அதற்குள் அதில் இருந்த புழு பெருத்துவிட்டது. அதையும் மாதிரியில் சேர்த்துக்கொண்டார்கள்.

தீவுகளில் பெரிய விலங்குகள் சிறுத்துப்போகும், சிறியவை பெருத்துப்போகும் என்று ஒரு கோட்பாடு உண்டாம். சந்தானத்தை வாசல் தூணோடு நிற்க வைத்து, எதிர்க்கரையிலிருந்து கருவி வைத்து அளந்தார்கள். வேலையில் சேர்ந்தபோது இருந்த உயரத்தைவிட இப்போது விரற்கடை குறைவு. பந்தலில் கைதட்டல் கேட்டது. வடிகால் பெருச்சாளியைக் கூண்டில் பிடித்து அளந்தபோது அது முன்னெப்போதையும்விடப் பெரிதாக இருந்தது. மறுபடியும் கைதட்டல். சந்தானம் அன்றிலிருந்து இன்னும் நிமிர்ந்து நின்றார். கழுத்து வலி வந்ததுதான் மிச்சம்.

தீவு உயிரினங்களுக்கு வேட்டை விலங்குகளிடம் பயம் விட்டுப்போகும் என்பது அடுத்த கோட்பாடு. அதைச் சோதிக்க ராகவேந்திராவே ஒலிபெருக்கியில் கல்பகத்தை அழைத்து, தன்னைக் கண்டால் ஓடத் தோன்றுகிறதா என்று கேட்டார். கல்பகம் கொஞ்சம் யோசித்துவிட்டு, காபி சாப்பிடறேளா என்று கேட்டாள். பயம் அறவே இல்லை என்று பதிவானது. காபி கூடையில் போனது. அதில் பாதியைக் குடித்துவிட்டு, மீதியை மாதிரியாக வைத்துக்கொண்டார்கள்.

தீவு என்றால் ஒப்பிட ஒரு தாய்நிலம் வேண்டும். அதற்கு எதிர்வீட்டு பாலசுப்ரமணியனைத் தேர்ந்தெடுத்தார்கள். சந்தானத்தைப் போலவே அவரும் கும்பகோணத்துக்காரர், அதே தொழிற்சாலை, அதே வயது. இரண்டு பேரும் ஒரே வருடம் இந்த ஊருக்கு வந்து, ஒரே வருடம் வீடு கட்டினார்கள். ஒரு வீட்டில் கார் வந்தால் அடுத்த மாதம் மற்ற வீட்டில் வரும். முப்பது வருடமாக இந்தத் தெருவில் நடப்பது அதுதான். ஆய்வகம் பாலசுப்ரமணியனுக்குத் தாய்நிலக் குடும்பம் என்று ஒரு பட்டயம் கொடுத்து வாசலில் மாட்டச் சொன்னது. அவர் அதற்கு விளக்குப் போட்டார்.

இந்த நேரத்தில்தான் சம்பந்தியம்மாள் விஜயகுமாரி சனத்நகரிலிருந்து போன் செய்தார். நிச்சயத்துக்கு எப்படி வருவது என்று கேட்டார். சந்தானம் முறைப்படி ஆய்வகத்துக்கு விண்ணப்பித்தார். பதிலை ராகவேந்திரா நேரில் வந்து, அதாவது எதிர்க்கரை வரை வந்து, விளக்கினார்.

"மாப்பிள்ளை வீட்டார்னா அந்நிய இனம் சார். ஒரேயடியா முப்பது பேரை விட்டா உள்ள இருக்கிற இனம் தாங்காது. முதல்ல ஒரு ஜோடியை விட்டுப் பாப்போம். பெருகுதான்னு பாத்துட்டு மத்தவங்களைப் பத்தி யோசிப்போம்."

இதை விஜயகுமாரியிடம் எவ்வளவோ மெருகேற்றித்தான் சொன்னார் சந்தானம். விஜயகுமாரி நேராகவே கேட்டார்.

"மாமா, எங்களை என்ன முயல்னு நெனச்சுண்டாரா அவர்? ஒரு மண்டபமாப் பாருங்கோ. உங்க குடும்ப வழக்கம் எனக்குத் தெரியும். ஆனா நாங்க உள்ளயும் வர முடியாது, நீங்க வெளியவும் வர மாட்டேள்னா, கௌஷிக்குக்கு நான் வேற இடம் பாக்கறதுதான் மரியாதை."

சௌம்யா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். "அப்பா, ப்ளீஸ். ஹால்ல வெச்சா என்ன? எதுக்கு இவ்வளவு டென்ஷன்?" என்றாள். கண் கலங்கியிருந்தது. எதற்கும் கண் கலங்காத பெண் அவள்.

அன்று மாலை ஸ்டெல்லா தனியாகக் கரைக்கு வந்து கூப்பிட்டாள். நாகர்கோவில் பெண், பி.எச்.டி. முடித்தவள், பல்லிக்குச் சீட்டு ஒட்டுவது அவள் வேலை.

"சார், ஒரு வழி இருக்கு கேட்டீங்களா. தீவுக்கும் தாய்நிலத்துக்கும் வித்தியாசமே இல்லன்னு வந்தா, விதிப்படி அது தீவு இல்ல. சமூக ஆய்வுன்னு ஒரு விசாரணை வெக்கப்போறாங்க, அதுல நீங்க ஒரே ஒரு வார்த்தை சொன்னா போதும். நாங்களும் பாலு சார் வீடும் ஒண்ணுதான்னு."

சந்தானம் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நன்றி சொல்லி, கதவைச் சாத்திக்கொண்டார்.

சமூக ஆய்வு விசாரணை பந்தலில் நடந்தது. ராகவேந்திரா மாலை போட்ட மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பாலசுப்ரமணியன் தாய்நிலத்தின் சார்பில் நாற்காலியில். சந்தானம் தண்ணீருக்கு இந்தப் பக்கம் வாசற்படியில். முதலில் இயக்குநர் உரையாற்றினார். தன் ஆய்வகம் தீவுகளைக் காப்பதற்காகவே இருக்கிறது என்றும், தீவு இல்லாமல் போனால் ஆய்வகத்தில் இருக்கும் எண்பது குடும்பங்கள் என்ன ஆகும் என்றும், தீவில் இருக்கும் மூன்று பேர் கொஞ்சம் சிரமப்படுவதால் அந்த எண்பது குடும்பங்கள் பிழைக்கின்றன என்றும், அறிவியல் என்பதே இப்படிப்பட்ட தியாகம்தான் என்றும் உருக்கமாகச் சொன்னார். கடைசியில் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

பிறகு கேள்விகள். தீவில் எந்தக் காபி, தாய்நிலத்தில் எந்தக் காபி என்று ஸ்டெல்லா கேட்டாள். கேட்கும்போதே, ஒன்றுதான் என்று சொல்லுங்கள் என்று கண்ணால் கெஞ்சினாள்.

சந்தானம் சொல்ல வாயெடுத்தார். ஆனால் எதிரில் பாலசுப்ரமணியன் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். "எங்காத்துல பீபெரி. சிக்கரி வாசலைத் தாண்டினதில்லை. அவாத்துல பாதிக்குப் பாதி" என்று சொல்லிவிட்டார்.

அதற்கு மேல் அணை உடைந்த மாதிரிதான். ரசத்தில் வித்தியாசம், கொலுவில் வித்தியாசம், வேட்டி கட்டுவதில் வித்தியாசம். மேலாளர் பதவி தனக்கு முதலில் வந்தது என்றார். பாலசுப்ரமணியனுக்கு ஆறு மாதம் கழித்து, அதுவும் காலியிடம் இருந்ததால் வந்தது என்றார். காலையில் இரண்டு பேரும் பூங்காவுக்குப் போகிறீர்களே என்றதற்கு, "நான் நடக்கறேன். அவர் போயிட்டு வரார்" என்றார். ராகவேந்திரா நாற்காலியில் இருப்புக்கொள்ளாமல் எழுந்துவிட்டார். இப்படி ஒரு வேறுபாடு நடுக்கடல் தீவுகளில்கூடக் கிடைக்காது என்றும், ஆய்வை இன்னும் இரண்டு வருடம் நீட்டிக்க உடனே பரிந்துரைப்பதாகவும் அறிவித்தார்.

அப்போது கல்பகம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு படிக்கு வந்தாள்.

"ஏன்னா, அவாத்துக் காபியை நீங்க குடிச்சதே இல்லை. நான் குடிச்சிருக்கேன். ஒரே கடைத் தூள்தான். நானும் அவளும் சேர்ந்து போய்த்தான் வாங்கறோம்."

சந்தானம் மாடி ஜன்னலைப் பார்த்தார். சௌம்யா ஹெட்போனைக் கழற்றிவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தொண்டையைச் செருமினார். முதுகு முன்போலவே நேராகத்தான் இருந்தது. அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

"முன்னால சொன்னதைத் திருத்திக்கறேன். இந்த ஆத்துக்கும் அந்த ஆத்துக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது" என்றார் சந்தானம். "ரசம் உள்பட."

பாலசுப்ரமணியன் கால் மேலிருந்த காலை எடுத்துக் கீழே வைத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொள்ள மறந்துவிட்டார்.

ஆனால் ஓர் ஆய்வகத்தை அவ்வளவு எளிதாக மூடிவிட முடியாது. ராகவேந்திரா ஒரு கணம்தான் திகைத்தார். பிறகு முகம் மலர்ந்து, இரண்டு வீடுகளுக்கும் வித்தியாசம் இல்லை என்றால் இரண்டும் ஒரே நிலப்பகுதி, நடுவில் இருப்பது வெறும் உள்நாட்டு ஏரி, ஆகையால் தீவு இரண்டு மடங்காகிவிட்டது, ஆய்வகத்தின் நிதியும் அப்படியே ஆக வேண்டும் என்று சொல்லி, அந்த இடத்திலேயே ஒரு தீர்ப்பு எழுதி முத்திரை குத்தி இரண்டு வீட்டாருக்கும் ஆளுக்கொரு நகல் கொடுத்தார். ஒன்று கையில், ஒன்று கூடையில்.

மை காய்வதற்குள் ஸ்டெல்லா மெல்லக் கேட்டாள். "சார், பாலு சார் வீட்டுக்குப் பின்னால பஸ் ரோடு. அங்க தண்ணியே இல்லியே. மூணு பக்கம் தண்ணி, ஒரு பக்கம் தரை. அப்போ இது தீபகற்பம் ஆயிடுதே."

ராகவேந்திராவின் முகத்தில் இருந்த ரத்தம் இறங்கிப்போனது. தீபகற்பங்கள் அவருடைய ஆய்வகத்துக்கு உட்பட்டவை அல்ல. அவற்றுக்குத் தனி நிறுவனம் வேறொரு ஊரில் இருக்கிறது. அதற்கு இயக்குநர் நியமனமே இன்னும் ஆகவில்லை. அடுத்த நிறுவனத்தின் நிலத்தில் கால் வைத்ததாகப் புகார் வந்தால் ஓய்வூதியமே போய்விடும் என்றார். "நக்கோ, நக்கோ, வேணவே வேணாம், எல்லாத்தையும் கட்டு" என்று பந்தலைப் பிரிக்கச் சொன்னார். கொடுத்த தீர்ப்பைத் திரும்பக் கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை. பெருச்சாளியைக் கூண்டோடு திருப்பிக் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார். பலகையைக் கொடுக்கவில்லை.

தண்ணீரை இறைப்பார்கள் என்று நினைத்தால், மோட்டார் ஆட்கள் தீபகற்ப நிறுவனத்தின் தடையில்லாச் சான்று வேண்டும் என்றார்கள். முகூர்த்தமோ நெருங்கிவிட்டது.

பாலசுப்ரமணியன் மறுநாள் காலையில் தன் வீட்டு இரும்புக் கேட்டைக் கழற்றித் தண்ணீரின் மேல் போட்டார். அதன் மேல் நடந்து இந்தப் பக்கம் வந்தார். முப்பது வருடத்தில் முதல்முறை. கல்பகம் காபி கொடுத்தாள். பாலசுப்ரமணியன் பாதியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஓய் சந்தானம், சம்பந்திகள் தட்டும் சீருமா இந்தக் கேட் மேல சர்க்கஸ் பண்ணிண்டு வர முடியாது" என்றார் பாலசுப்ரமணியன். "நான் ஹால் ஒழிச்சு வெச்சிருக்கேன். பஸ் ரோட்டுப் பக்கமா ஜம்முனு வரலாம்."

"எங்க குடும்ப வழக்கம் உமக்குத் தெரியும்."

"தெரிஞ்சுதான் சொல்றேன். முத்திரை போட்ட தாள் உம்மகிட்டயும் இருக்கு. எடுத்துப் படியும்."

சந்தானம் அதை எடுத்து, நின்றபடியே, முதல் எழுத்திலிருந்து முத்திரை வரை படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"ஹாலுக்கு நான் வெள்ளை அடிக்கச் சொல்றேன்" என்றார். "என் செலவுல."

ஆவணி முதல் முகூர்த்தத்தில் கௌஷிக் வீட்டார் காலில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் வந்து இறங்கினார்கள். விஜயகுமாரி இரண்டாம் தடவை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சௌம்யா சிரித்த சிரிப்பைப் புகைப்படத்தில் இன்றும் பார்க்கலாம்.

சந்தானத்தின் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம் எதிர்வீட்டில் நடந்தது என்று ஏ.எஸ்.ராவ் நகரில் சிலர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அது தவறு. இரண்டும் ஒரே நிலப்பகுதி என்று அரசு ஆய்வகமே தீர்ப்பு எழுதியிருக்கிறது. நிச்சயதார்த்தம் சந்தானத்தின் சொந்த வீட்டில்தான் நடந்தது. அதன் கிழக்குப் பகுதியில்.